சொந்தமாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிராண்டட் டெஸ்க்டாப்பை விட அசெம்பிள் செய்தால் எவ்வளவு மிச்சமாகும்?

சில சமயம் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. டைப் அடிக்க, டேலி போட, பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பு பார்க்க ஒரு மெஷின் போதும் என்றால், பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் விலையோடு நாம் போட்டி போட முடியாது. விண்டோஸ் உரிமமும் அவர்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. போதாக்குறைக்கு 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் போனதால் வந்த தட்டுப்பாடு அது. இப்படிப்பட்ட நேரத்தில், பழைய விலையில் ஸ்டாக் எடுத்து வைத்த ரெடிமேட் மெஷின் மலிவாகவே இருக்கக்கூடும். இரண்டு பக்கமும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு வைத்த மெஷின், வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட், கேம் என்று போனால் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும். "கேமிங் பிசி" என்று பெயர் வைத்துவிட்டாலே ரெடிமேட் விலை எகிறிவிடுகிறது.

பணம் மிச்சமாகாவிட்டால் எதற்கு இந்த வேலை?

"ஐ5, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ்" என்ற விளம்பர வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதாமல் விட்டதுதான் முக்கியம். எந்தத் தலைமுறை ஐ5? ராம் ஒரே குச்சியா, இரண்டா? எஸ்எஸ்டி மெதுவான சாட்டா வகையா, வேகமான என்விஎம்இ வகையா? மதர்போர்டு எது? எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) யாருடையது? விற்பவர் காசு மிச்சம் பிடிப்பது இந்த இடங்களில்தான்.

ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் "ஐ5 டெஸ்க்டாப்"களைத் திறந்து பார்த்தால், பல சமயம் உள்ளே எச்61 போர்டு இருக்கும். அது 2, 3ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களுக்கான போர்டு. 3ஆம் தலைமுறை வந்தது 2012இல். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதோ 8ஆம் தலைமுறையிலிருந்துதான். "4 ஜிபி கிராபிக்ஸ்" என்பது 2014இல் வந்த ஜிடி 730 ஆக இருக்கலாம். விளம்பரத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஆனால் வாங்கியவர் கையில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தைய மெஷின். நீங்களே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்தால் இந்த வித்தைக்கு இடமே இல்லை.

அடுத்த லாபம் பழுது பார்ப்பதில் தெரியும். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறையில்தான் கடையில் விற்கும் போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் வருகின்றன. ஒன்று போனால் எந்த ஊரிலும் எந்தக் கம்பெனியுடையதையும் வாங்கி மாட்டலாம். பிராண்டட் ஆபீஸ் மெஷின்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் கனெக்டரும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. வாரண்டி முடிந்த பிறகு அது செத்தால், அதே மாடலைத் தேடி அலைய வேண்டும்.

யாருக்கு இது சரிப்படாது?

இருபது மெஷின் போடும் அலுவலகத்துக்கு வேண்டாம். போன் செய்தால் ஆள் வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டிதான் அங்கே தேவை. அசெம்பிள் மெஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி சர்வீஸ் சென்டர்; எது பழுது என்று கண்டுபிடித்துக் கழற்றிக் கொண்டுபோவது உங்கள் பாடு.

கடைக்காரரே மாட்டித் தருவாரே, நான் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ எல்லாப் பாகத்தையும் ஒரே இடத்தில் வாங்கினால் மாட்டித் தருவார்கள்தான். தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். பாகங்களை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். "சார், இதே மாதிரிதான், வேற கம்பெனி" என்று எஸ்எம்பிஎஸ்ஸையும் ராமையும் மாற்ற வந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் முதல் தடவையே கூட இருந்து பார்த்துவிட்டால், பிறகு ராம் சேர்ப்பதற்கும் தூசி தட்டுவதற்கும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

ப்ராசஸரும் மதர்போர்டும் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டின் பெயரைப் பாருங்கள். ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5000 வரிசை வரை போடலாம், ராம் டிடிஆர்4 தலைமுறை. 2022இல் வந்த ஏஎம்5இல் ரைசன் 7000 முதல் போடலாம், ராம் டிடிஆர்5 மட்டும். இன்டெலில் எல்ஜிஏ1700 என்பது 12, 13, 14ஆம் தலைமுறைக்கு. போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851.

சாக்கெட் பொருந்தினாலும் மெஷின் எழாமல் போகலாம். எல்ஜிஏ1700 சாக்கெட் உள்ள பி660 போர்டில் 14ஆம் தலைமுறை ப்ராசஸரைப் போட, பயாஸ் (மெஷினை எழுப்பும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதிதாக இருக்க வேண்டும். கடையில் தூசி படிந்து கிடந்த பழைய ஸ்டாக் போர்டு என்றால் பழைய பயாஸ்தான் இருக்கும். ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாக பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளின் பின்புறம் இருக்கிறது. அது உள்ள போர்டை வாங்கினால் கவலை இல்லை. இல்லையென்றால் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600க்கும் கிடையாது. 5600ஜி என்றால் உண்டு. கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் இவற்றை வாங்கிவிட்டால் மானிட்டரில் எதுவும் தெரியாது.

ஒரு மாதிரிப் பட்டியல் தர முடியுமா?

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வீட்டுக்கும் படிப்புக்கும்: ரைசன் 5 5600ஜி, பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 3200 இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ், முன்னும் பின்னும் ஃபேன் உள்ள கேபினெட். பழைய டெஸ்க்டாப்பில் டிடிஆர்4 ராம் இருந்தால் அதையே கழற்றிப் போடலாம். லேப்டாப் ராம் குட்டையானது, இதில் உட்காராது.

எடிட்டிங், கேம் என்றால்: ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 6000 இரண்டு, 1 டிபி என்விஎம்இ, ஆர்டிஎக்ஸ் 4060 ரகக் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ். ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், சில வருஷம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஏஎம்4 வாங்குபவர்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

ராம் ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்கினால் என்ன?

வேலை செய்யும், ஆனால் ராமிலிருந்து தரவு போய்வரும் வேகம் பாதிதான். இரண்டு குச்சி போட்டால்தான் டூயல் சேனல், அதாவது இரட்டைப் பாதை. 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸர் ராமைத்தான் கிராபிக்ஸுக்கும் பயன்படுத்துவதால், அதில் இந்த வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். பிறகு பயாஸில் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்ய வேண்டும். 6000 வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் 4800இல் ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் போதாதா?

போதாது. மொத்த மெஷினிலும் கஞ்சத்தனம் காட்டக் கூடாத பாகம் இதுதான். மற்ற எது பழுதானாலும் அது மட்டும் போகும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருந்தாலும், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் உண்மையில் பயன்படும் வாட் கிடைக்கும். 450 வாட் என்று சொல்லி 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டுமே என்றால், அது 216 வாட் எஸ்எம்பிஎஸ்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: மேலே சொன்ன இரண்டாவது மெஷினில் ப்ராசஸர் அதிகபட்சம் 88 வாட், கார்டு 115, மற்றவை 60 என்று வைத்தால் 263 வாட். நொடிப்பொழுதில் ஏறி இறங்கும் சுமைக்கும் நாளைக்குப் பெரிய கார்டு போடுவதற்கும் சேர்த்து 550. 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, தரத்துக்கான சான்றிதழ் அல்ல. 5 வருஷத்துக்குக் குறையாத வாரண்டி தருகிறார்களா என்பது அதைவிட நல்ல அடையாளம்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை கச்சிதமாக உட்காரும். ஆனால் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் ஒரே நொடியில் செத்துவிடும்.

கடையில் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பில். பில் இல்லாமல் கொடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். வாரண்டிக்குப் போகும் நாளில் அந்த மிச்சத்தைப் போல் பல மடங்கு கையை விட்டுப் போகும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். தொழிலுக்காக வாங்குபவர் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் உள்ளீட்டு வரி வரவும் எடுக்கலாம்.

ப்ராசஸர் சீல் பிரிக்காத பெட்டியில் வரட்டும். "டிரே" ப்ராசஸர் கொஞ்சம் மலிவு. ஆனால் பெட்டியில் வருவதற்கு உள்ள 3 வருஷ வாரண்டி அதற்கு இல்லை, கடைக்காரர் வாய்ச்சொல்தான். 13, 14ஆம் தலைமுறை இன்டெலில் வோல்டேஜ் கோளாறால் ப்ராசஸர்கள் பழுதானபோது, 2024இல் இன்டெல் வாரண்டியை மேலும் 2 வருஷம் நீட்டியது. அப்போது பெட்டியோடு வாங்கியவர்கள் நேராகக் கம்பெனியிடமே போக முடிந்தது. இந்த ப்ராசஸர்களை இப்போது வாங்கினாலும், முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்.

மதர்போர்டைக் கடையிலேயே திறந்து, சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, பின்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் (இது இன்டெல், ஏஎம்5 போர்டுகளுக்கு; ஏஎம்4இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும்). வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எல்லாப் பின்களும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னினால் அது வளைந்திருக்கிறது. வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது. அந்த மூடியையும் தூக்கிப் போடாதீர்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாவிட்டால் வாங்க மறுப்பார்கள்.

மாட்டுவதற்கு என்ன கருவிகள் வேண்டும்? எந்த வரிசையில் மாட்டுவது?

காந்த முனை உள்ள ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கேபிள் டை, நல்ல வெளிச்சம். அவ்வளவுதான். கார்ப்பெட்டில் உட்காராமல் மேஜையில் வேலை செய்யுங்கள். அவ்வப்போது கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் நேராகக் கேபினெட்டுக்குள் மாட்டாமல், போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து ஆரம்பியுங்கள். போர்டு வந்த சாம்பல் நிறக் கவரின் மேல் வைத்து ஆன் செய்யாதீர்கள். அதன் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தக்கூடும்.

ப்ராசஸரின் ஒரு மூலையில் சிறிய முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து, அழுத்தாமல் வையுங்கள். தன் எடையிலேயே உட்கார வேண்டும். பின்கள் சாக்கெட்டிலேயே உள்ள எல்ஜிஏ வகையில் நெம்புகோலைக் கீழே தள்ளும்போது கரகரவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

முதல் தடவை செய்பவர்கள் தடுமாறுவது ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரில்தான். பெட்டியோடு வரும் கூலரின் அடியில் வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும். அதன்மேல் இன்னொரு தடவை பூசக் கூடாது. தனியாக வாங்கிய கூலர் என்றால் பட்டாணி அளவு பேஸ்ட் நடுவில் வைத்தால் போதும், அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு. (உரிக்க மறந்து, ப்ராசஸர் 95 டிகிரி போகிறதே என்று கேட்டு வருபவர்கள் இன்றும் உண்டு.) இன்டெல் கூலரில் நான்கு தள்ளு முள்கள், எதிரெதிர் மூலையாக, இரண்டிரண்டாக, "டக்" என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு போர்டைத் திருப்பிப் பாருங்கள். நான்கு துளையிலும் வெள்ளைக் கால்களுக்கு நடுவே கறுப்பு முள் முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். மூன்று வந்து ஒன்று வராவிட்டால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். ஏஎம்4இல் ஏஎம்டியின் ரெய்த் ஸ்டெல்த் கூலர் வந்தால் கதை வேறு: போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளை முதலில் கழற்ற வேண்டும். கழற்றும்போது போர்டுக்குப் பின்னால் உள்ள உலோகத் தகடு விழுந்துவிடும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டில்தான் கூலரின் நான்கு ஸ்க்ரூவும் போய் இறங்கும்.

ராம், எஸ்எஸ்டி போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின்னையும் ப்ராசஸருக்கான 8 பின்னையும் செருகி, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் மெஷின் எழும். மானிட்டரில் பயாஸ் தெரிந்த பிறகு எல்லாவற்றையும் கேபினெட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் ப்ராசஸரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டையும் போட்டுத்தான் இந்தச் சோதனை.

கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்கட்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று இருந்தால் போர்டின் அடிப்பக்கம் ஷார்ட் ஆகும்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. போர்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? கார்டு இருந்தால் கார்டில்தான் செருக வேண்டும். போர்டின் மேல் மூலையில் உள்ள 8 பின் ப்ராசஸர் பவர் செருகினீர்களா? அதை விட்டாலும் ஃபேன் சுற்றும், படம் வராது. அதற்குரிய கேபிளில் 4+4 என்று பிரியும். கார்டுக்கு உரியது 6+2. ஒன்றை மற்றொன்றில் அழுத்தித் திணிக்காதீர்கள். இரண்டிலும் பிளஸ்ஸும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும்.

டிடிஆர்5 மெஷின் என்றால் பேசாமல் காத்திருங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ள போர்டு பல நிமிஷம் எடுத்துக்கொள்ளும்; அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பொறுமையிழந்து சுவிட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் கொடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரே ஒரு ராமை 2ஆவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். போர்டில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சிறிய விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். கடைசியாக, பவர் கேபிளைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி வைத்து மாட்டுங்கள். ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நின்றுவிடுகிறது என்றால், அது வேறு விஷயம்: ஷார்ட். ஸ்டாண்ட்ஆஃபைப் பாருங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் பழுதா?

அநேகமாக வீட்டில் எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடல் உலோகத்துக்கு இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும், இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப. எர்த் இல்லாதபோது கேபினெட் 230இன் பாதியில், 115 வோல்ட் அளவில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுரீர் என்பதோடு போகும். ஆனால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி கேபிளைச் செருகும்போது போர்ட்டைக் கொல்ல அதுவே போதும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வருகிறதா என்று பாருங்கள். சாக்கெட்டிலேயே எர்த்தை நியூட்ரலோடு முடிந்துவிடும் "தீர்வு" உயிருக்கே ஆபத்து.

யுபிஎஸ் எவ்வளவு வேண்டும்? இன்வெர்ட்டர் போதுமா?

600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான். கார்டு இல்லாத மெஷினுக்கு அது தாராளம். கார்டு உள்ள மெஷினுக்கு மானிட்டரோடு சேர்த்து 290 வாட் வந்துவிடும் என்பதால் 1000 விஏ வாங்குங்கள். சேவ் செய்து அணைக்கச் சில நிமிஷம் கிடைத்தால் போதும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். பின்னால் உள்ள சுவிட்சை "யுபிஎஸ் மோடு" பக்கம் வையுங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தாங்காமல் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

சித்திரை வெயிலுக்கு வாட்டர் கூலிங் தேவையா?

65 வாட் ப்ராசஸருக்குத் தேவையே இல்லை. வெளிநாட்டு ரிவ்யூக்களில் 70 டிகிரி என்று போட்டிருந்தால், அது 22, 23 டிகிரி அறையில் எடுத்தது. உங்கள் அறை 36 என்றால் அந்த வித்தியாசத்தை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள், 83, 84 வரும். அதுவும் ஆபத்தில்லை. கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் வலையாக இருக்கட்டும். முன் ஃபேன் காற்றை உள்ளே இழுக்கவும், பின் ஃபேன் வெளியே தள்ளவும் வேண்டும். ஃபேனில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடியுங்கள், இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு.

விண்டோஸ் என்ன செய்வது?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. 11க்கு பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஏஎம்டியில் எஃப்டிபிஎம், இன்டெலில் பிடிடி என்ற பெயரில் இருக்கும். 8 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டாலரை ஏற்றும்போது, போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவரையும் அதிலேயே போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் இன்டர்நெட் கேட்டு இன்ஸ்டால் பாதியில் நிற்கும். மெஷினோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு முடிந்தது; தனியாக வாங்கும் ரீடெயில் உரிமத்தை அடுத்த மெஷினுக்கு மாற்றலாம். கடையில் உரிமம் இல்லாமல் விண்டோஸை "ஆக்டிவேட்" செய்து தருவது, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு யாரோ எழுதிய புரோகிராமை ஓட்டித்தான். அந்த மெஷினில் நெட் பேங்கிங் செய்யாதீர்கள். உரிமத்துக்குப் பணம் இல்லையென்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போடுங்கள்.

சில வருஷம் கழித்து மெதுவானால் முதலில் எதை மாற்றுவது?

எது திணறுகிறது என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். மெமரி 90 சதவீதம் காட்டினால் ராம். இருப்பதைப் போலவே இன்னொரு ஜோடி, அல்லது மொத்தமாகப் பெரிய ஜோடி. டிஸ்க் 100இலேயே நின்றால் எஸ்எஸ்டி. கேமில் மட்டும் திணறினால் கிராபிக்ஸ் கார்டு. வாங்குமுன் அதன் நீளத்தையும் கேபினெட்டில் உள்ள இடத்தையும் மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். ஏஎம்4 கூலரைக் கழற்ற நேர்ந்தால், மெஷினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கூலரை இட வலமாகத் திருகித் தூக்குங்கள். நேராக இழுத்தால் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து, பின் வளைந்து கையோடு வரும்.